மகாராஜாவின் தட்டும் நம் வீட்டுத் தட்டும்

1950 மே 22-ம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கச்சேரி. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1948-ல் எழுதிய 'நான்கு கடைசிப் பாடல்கள்' அன்றுதான் முதல் முறையாக மேடையேறின. ஸ்ட்ராஸ் அதைக் கேட்க இல்லை, முந்தின வருஷமே காலமாகிவிட்டார். பாடியவர் நார்வே நாட்டு கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். வாத்தியக் குழுவை நடத்தியவர் ஃபுர்ட்வெங்லர். செலவுக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் யார் தெரியுமா? நான் இப்போது குடியிருக்கும் இந்த மைசூரின் மகாராஜா, ஜெயசாமராஜ உடையார்.

தமிழர்களுக்கும் அவர் அந்நியர் இல்லை. 1964-லிருந்து 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவர். கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர். மேற்கத்திய இசையிலும் பைத்தியம். அவரிடம் சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாகக் கணக்கு. ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளைத் தட்டில் பதிவு செய்யவே ஒரு சங்கத்துக்குப் பணம் கொடுத்தார். லண்டன் கச்சேரிக்கு அவரால் நேரில் போக முடியவில்லை. அதனால் கச்சேரியைத் தட்டில் பதிந்து கப்பலில் மைசூருக்கு அனுப்ப ஏற்பாடு.

சிடி படிக்கவில்லை, டிவிடி நின்று நின்று ஓடுகிறது என்ற விஷயத்தைப் பேச வந்த பதிவில் மகாராஜா எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்தக் கச்சேரி பதிவானது 'அசிடேட்' தட்டுகளில். நம் பீரோவில் தூங்கும் கல்யாண சிடிக்கும் அந்த அசிடேட் தட்டுக்கும் உறவு நெருக்கம். ஒன்றின் கதி தெரிந்தால் மற்றதன் கதியும் புரிந்துவிடும்.

கடையில் விற்ற இசைத்தட்டு அச்சில் அடித்தது. ஒரு மூல அச்சு செய்து, அதை வைத்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுப்பார்கள். அசிடேட் அப்படி இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு. பாட்டு பாடப் பாட, ஊசி அதன் மேல் நேராகக் கீறிக்கொண்டே போகும். முடிந்த உடனே போட்டுக் கேட்கலாம். அச்சுக்கூடம், பாக்டரி எதுவும் வேண்டாம். வசதிதான். ஆனால் ஒரு தட்டுக்கு ஒரு பிரதிதான். பூச்சும் மென்மை, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

அந்தக் கச்சேரித் தட்டுகளும் அப்படித்தான் தேய்ந்தன. எல்.பி. தட்டாக முதல் முறை மாற்றும்போதே மோசமான நிலை. கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். 2007-ல் ஒருவர், 2014-ல் இன்னொருவர், கணினி உதவியோடு இரைச்சலை நீக்கி அதை ஓரளவு மீட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், போட்டது போட்டபடி கிடைக்கவில்லை, மீட்டதுதான் கிடைத்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

சிடியிலும் இதே இரண்டு ஜாதி உண்டு. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு சிடி அச்சடித்தது. உருகிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி, அதில் நுண்ணிய பள்ளங்கள் விழவைத்து, மேலே அலுமினியம் பூசியிருப்பார்கள். பள்ளம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது, எளிதில் மறையாது. போட்டோகிராபர் கொடுத்த கல்யாண சிடி, பிரௌசிங் சென்டரில் எரித்து வாங்கிய சிடி, நாமே வீட்டில் எரித்தது, இவற்றில் பள்ளமே கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் உலோகப் பூச்சுக்கும் நடுவில் ஒரு சாய அடுக்கு. லேசர் கதிர் அந்தச் சாயத்தைச் சுட்டு அங்கங்கே கருக்குகிறது. அதனால்தான் 'எரிப்பது' என்ற சொல்லே வந்தது. படிக்கும்போது கருகிய இடமும் கருகாத இடமும் பள்ளமும் மேடும் போல டிரைவுக்குத் தெரியும்.

சாயம் என்றால் வெளுக்கும். வேட்டிச் சாயத்துக்கு எது எதிரியோ அதேதான் இதற்கும் எதிரி: வெயில், சூடு, ஈரப்பதம். ஆகவே ஒரே பீரோவில், ஒரே தட்டில், இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு சிடிகளில் கடைச் சிடி பாடும், கல்யாண சிடி படிக்காது. "அதே மாதிரி தானே இருக்கு, அது மட்டும் ஏன்?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். பதில் இதுதான்: பார்க்க ஒரே மாதிரி, பிறப்பு வேறு. ஒன்று அச்சடித்தது, மற்றது மகாராஜாவின் தட்டு வகை.

கொஞ்சம் வரலாறு. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சிடி 1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எரிக்கும் சிடியை ஜப்பானின் தையோ யூடன் கம்பெனி 1988-ல் உருவாக்கியது. எரிக்கும் இயந்திரம் ஆரம்பத்தில் ஸ்டூடியோக்கள் மட்டும் வாங்கக்கூடிய விலை. 1995-ல் எச்.பி. கம்பெனியின் ஒரு டிரைவ் ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தபோது அதுவே பெரிய செய்தி. பிறகு விலை மளமளவென்று சரிந்தது. நம் ஊரில் 1983-ல் தொடங்கிய மோசர் பேர் கம்பெனி பிற்பாடு ஃபிளாப்பி செய்தது, 1999-ல் சிடிக்கு மாறியது. சீக்கிரமே உலகின் மிகப் பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. 2006-ல் சினிமா விற்பனையில் இறங்கி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவர் பெட்டியிலும் பத்து இருபது தமிழ்ப் படம் கிடக்கும். அதே கம்பெனி 2017-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது, 2018-ல் கலைக்க உத்தரவாயிற்று. ஒரு தொழில் ஏறி இறங்குவதற்கு இருபது வருஷம் போதும் என்பதற்கு அது ஒரு பாடம்.

டிரைவின் கதையும் அதுதான். 2008-ல் வந்த மேக்புக் ஏர் மடிக்கணினியில் சிடி டிரைவே இல்லை. அன்று சிரித்தார்கள். இன்று நம் வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. 2025 பிப்ரவரியோடு சோனி எரிக்கும் ப்ளூ-ரே தட்டுத் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. ஆக, தட்டு ஒரு பக்கம் வெளுக்கிறது, அதைப் படிக்கிற கருவி இன்னொரு பக்கம் மறைகிறது.

எரித்த காலத்தில் நாம் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். அன்றைய கோளாறுகள் சும்மா பழங்கதை இல்லை. இன்று தட்டு படிக்காததற்குக் காரணம் பல சமயம் அன்று எரித்த விதத்தில்தான் இருக்கிறது.

முதலாவது, பாதியில் நின்றுபோவது. சிடி எரிப்பது இட்லி மாவு ஊற்றுவது போல இல்லை, முறுக்குப் பிழிவது போல. நடுவில் கை எடுத்தால் முறுக்கு அறுந்துவிடும். லேசர் ஒரு முறை கிளம்பினால் நிற்காமல் எழுத வேண்டும். கணினி தகவலை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டிரைவுக்குள் ஒரு சின்னத் தொட்டி, ஒன்றிரண்டு எம்பி. ஒரு மடங்கு வேகம் என்றால் வினாடிக்கு 150 கேபி. எட்டு மடங்கில் 1,200 கேபி. இரண்டு எம்பி தொட்டி இரண்டு வினாடிகூடத் தாங்காது. அந்த நேரத்தில் வைரஸ் ஸ்கேன் கிளம்பினால், ஸ்கிரீன் சேவர் வந்தால், தொட்டி காலி, தட்டும் காலி. "நீரோ ஓடும்போது யாரும் மவுசைத் தொடாதீங்க" என்று வீட்டில் 144 போட்டிருந்தவர்கள் உண்டு. :-) 2000-ல் ஜப்பானின் சான்யோ கம்பெனி கொண்டுவந்த 'பர்ன் புரூஃப்' என்ற உத்தி, விட்ட இடத்தை நினைவில் வைத்துத் திரும்பத் தொடர வழி செய்தது. அதன் பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது. பாதியில் நின்ற சிடியை டம்ளர் வைக்கப் பயன்படுத்தினோம். ஆனால் ஒன்று: நின்ற இடம் வரை எழுதியது அதில் இருக்கிறது. பட்டியல்தான் எழுதப்படவில்லை.

இரண்டாவது, பழைய கோப்புகள் காணாமல் போவது. ஒரே சிடியில் ஜனவரியில் கொஞ்சம் போட்டோ, மார்ச்சில் கொஞ்சம் போட்டோ என்று சேர்த்துச் சேர்த்து எரித்திருப்போம். மார்ச் மாதம் எரிக்கும்போது பழைய பட்டியலை இழுத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் புதிய பட்டியலில் புதியது மட்டும் இருக்கும். என் பாஷையில் சொன்னால், புது லெட்ஜர் திறந்தவர் முன்னிருப்பைக் கொண்டுவரவில்லை. பணம் எங்கும் போகவில்லை, பழைய லெட்ஜரில் இருக்கிறது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் அந்தப் பழைய பட்டியலைத் திறந்து பார்க்க முடியும். "இந்த சிடியில் ஒண்ணும் இல்லை" என்று குப்பையில் போடும் முன் அதைப் பாருங்கள்.

மூன்றாவது, மூடாத தட்டு. எரித்து முடித்தபின் 'இனி எழுத மாட்டோம்' என்று முத்திரை வைக்க வேண்டும். அதை 'ஃபைனலைஸ்' என்பார்கள். வைக்காவிட்டால் எரித்த கருவியிலேயே ஓடும், வேறு பிளேயரில் ஓடாது. கையடக்கமான சின்ன டிவிடி போட்டுப் படம் எடுக்கும் கேம்கார்டர்கள் ஒரு காலத்தில் வந்தனவே, அவற்றில் இந்தத் தொல்லை அதிகம். குழந்தையின் முதல் பிறந்தநாள் பல வீடுகளில் இப்படி மூடாத தட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு முத்திரை வைத்துவிடலாம். இல்லாவிட்டால் மேலே சொன்ன மென்பொருள்தான்.

நான்காவது, மேல் பக்கம். எல்லாரும் சிடியின் பளபளக்கும் கீழ்ப் பக்கத்தைத்தான் கண்போல் காப்பாற்றினோம். உண்மையில் கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. தகவல் இருப்பது மேலே, பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே. மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். அங்கே பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி 'சீமந்தம் - 2' என்று எழுதினால் நேராக உள்ளே கீறல். ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் உலோகப் பூச்சும் கூடவே வந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். டிவிடிக்கு இந்த ஆபத்து குறைவு. இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டி, நடுவில் சாயத்தை வைத்திருக்கிறார்கள்.

சரி, இன்று கையில் ஒரு தட்டு இருக்கிறது, படிக்கவில்லை. எங்கே கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். இந்தத் தட்டை இன்னொரு டிரைவில் போடுங்கள். இந்த டிரைவில் இன்னொரு தட்டைப் போடுங்கள். அங்கே இது ஓடினால் இந்த டிரைவில் கோளாறு, பெரும்பாலும் லென்ஸில் தூசி. இங்கே மற்றத் தட்டுகள் எல்லாம் ஓடி இது மட்டும் எங்கும் ஓடாவிட்டால் கோளாறு தட்டில். மற்றத் தட்டு என்று கடைச் சிடியை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு டிரைவ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அச்சடித்த தட்டைப் படிக்கிற கிழட்டு டிரைவ், எரித்த தட்டைப் படிக்கத் திணறும். எரித்த இன்னொரு தட்டையும் போட்டுப் பாருங்கள். சிடி ஓடி டிவிடி ஓடவில்லை, அல்லது தலைகீழாக நடக்கிறது என்றால் அதுவும் டிரைவின் கோளாறாக இருக்கலாம். சிடிக்கு ஒரு அலைநீள லேசர், 780 நானோமீட்டர், டிவிடிக்கு வேறு, 650. ஒன்று போய் மற்றது வேலை செய்வது சகஜம்.

தட்டை மாற்றிய பிறகும் திரையில் பழைய தட்டின் பட்டியலே தெரிகிறதா? கணினி பழையதை மனதில் வைத்திருக்கிறது. ஜன்னலை மூடித் திறங்கள், அல்லது தட்டை வெளியே எடுத்து, சில வினாடி விட்டு, மறுபடி போடுங்கள்.

துடைப்பதிலும் முறை உண்டு. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. தகவல் வட்டமாகச் சுழன்று போகும் ஒரே கோட்டில் இருக்கிறது. குறுக்கே விழும் கீறலைத் தட்டிலுள்ள பிழைதிருத்தக் கணக்கு சமாளித்துவிடும். கோட்டின் போக்கிலேயே விழும் கீறலைச் சமாளிக்க முடியாது. எழுதுவது நடுவில் ஆரம்பித்து விளிம்பில் முடிகிறது. கை படுவதும், காற்றும் ஈரமும் புகுவதும் விளிம்பில்தான். அதனால்தான் பல கல்யாணத் தட்டுகள் நிச்சயதார்த்தம் வரை ஒழுங்காக ஓடி, சரியாக முகூர்த்த நேரத்தில் நின்றுவிடுகின்றன!

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இந்தியாவின் பழைய டிவி முறை பால். அமெரிக்காவின் பழைய முறை என்டிஎஸ்சி. கோயம்புத்தூரில் எரித்த கல்யாண டிவிடி நியூஜெர்சி வீட்டு பிளேயரில் ஓடாவிட்டால் தட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கணினியில் போடுங்கள், ஓடும். சினிமா டிவிடி என்றால் இன்னொரு பூட்டும் உண்டு. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து இந்தியா, இலங்கைக்கு 5, அமெரிக்கா, கனடாவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, ஆஸ்திரேலியாவுக்கு 4 என்று எண் கொடுத்திருந்தார்கள். கணினி டிரைவில் இந்த எண்ணை ஐந்து தடவைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிடும். வீட்டில் எரித்த தட்டுக்கு இந்தப் பூட்டு கிடையாது.

இதுவரை சொன்னது தட்டும் டிரைவும். மூன்றாவதாக ஒரு கதவு இருக்கிறது. தமிழர்களுக்கு அதுதான் கடினமானது. தட்டு நன்றாகச் சுழலும், கோப்பு திறக்கும், உள்ளே எழுத்து வராது.

இதற்கும் மைசூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1969-ல் இங்கே தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1990-களில் மத்திய அரசின் ஒரு திட்டத்தில் தமிழ் உட்பட தென்னிந்திய மொழிகளின் உரைநடையைப் பெரிய அளவில் கணினியில் ஏற்றியது. புத்தகம், பத்திரிகை என்று பல துறைகளிலிருந்து எடுத்து, லட்சக்கணக்கான சொற்கள். அப்போது வழக்கிலிருந்த இந்தியத் தர எழுத்துக் குறியீடு இஸ்கி. பிறகு உலகம் யுனிகோடுக்குப் போயிற்று. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் எமில் என்ற திட்டத்தில் மைசூரோடு சேர்ந்தபோது, அந்த உரை முழுவதையும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கென்றே மென்பொருள் எழுதினார்கள். மாற்றியதால்தான் இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்த முடிகிறது. மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால் பைட்டுகள் பத்திரமாக இருந்திருக்கும், தமிழ் இருந்திருக்காது.

நம் வீட்டிலும் அதே கதை சின்ன அளவில். அப்பா கணினியில் தட்டி வைத்த குடும்ப வரலாறு, ஊர்க் கோவில் கும்பாபிஷேக மலர், தமிழ்ச் சங்க ஆண்டு மலர். ஒன்று டிஸ்கியில் இருக்கும், ஒன்று 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் வந்த டாம், டாப் முறையில் இருக்கும், மற்றது ஏதோ ஒரு கம்பெனி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துக்கள் குழம்பு வைத்த மாதிரி வரும். கோப்பின் பெயருக்கும் இதே கதி. சிடிக்கென்று 1988-ல் வகுத்த ஐஎஸ்ஓ 9660 தரத்தின் அடிப்படை விதிப்படி பெயர் எட்டு எழுத்து, அதற்குப் பின் மூன்று எழுத்து, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து. தமிழுக்கு அங்கே இடமே இல்லை. விண்டோஸ் 95-ஐ ஒட்டி மைக்ரோசாஃப்ட் சேர்த்த ஜோலியட் என்ற நீட்சிதான் யுனிகோடு பெயர்களை அனுமதித்தது. அப்படிப்பட்ட கோப்பு கிடைத்தால் கெட்டுப்போனது என்று அழித்துவிடாதீர்கள். அதோடு ஏதாவது எழுத்துரு இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்துவிட்டால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். எழுத்துருப் பெயர் தெரிந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

இதெல்லாம் புதுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் ஓர் ஓலைச்சுவடிக் கட்டைக் கொடுத்தார். கிரந்த எழுத்தில் இருந்தது. நூலகர் சாமசாஸ்திரி 1905-ல் அதைப் பிரித்துப் பார்த்தால், பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டும் தெரிந்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! 1909-ல் அச்சிட்டார், 1915-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். யோசித்துப் பாருங்கள். அந்த ஓலை மூல ஓலை இல்லை. ஓலையின் ஆயுள் சில நூறு வருஷம். யாரோ பெயர் தெரியாத ஆட்கள், தலைமுறை தலைமுறையாக, பழைய ஓலை நைந்துபோகும் முன் புது ஓலையில் படியெடுத்திருக்கிறார்கள். கடைசியில் கிரந்தம் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. தட்டு, டிரைவ், எழுத்து என்று நான் சொன்ன மூன்றும் அங்கேயும் இருக்கிறது பாருங்கள்: ஓலை, அதைப் படியெடுக்கும் கை, கிரந்தம் அறிந்த கண். படியெடுக்காமல் விட்டவை என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டதைப் பற்றி உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார்.

வங்கியில் இருப்பவனுக்கு இதில் ஒரு விஷயம் உடனே உறைக்கும். பிரதி எடுப்பது பாதி வேலைதான், ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மீதி. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்து கிளைகளுக்குள் கணினி நுழைந்த காலத்தில், தினமும் கணக்கு முடித்தபின் நகல் எடுத்து, ஒரு பிரதியைக் கட்டடத்துக்கு வெளியே வைப்பார்கள் என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். எடுத்த நகலைத் திறந்து பார்த்து, கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்களாம். எரித்து முடித்ததும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று கணினி சொன்னதே, அது எழுதிய கதைதான். எழுதியதைப் படித்துப் பார்த்த கதை இல்லை. சரிபார்க்கவா என்று கேட்கும் கட்டத்தை, நேரம் ஆகும் என்று தாண்டிப் போனவர்கள்தான் அதிகம்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது யுஎஸ்பியில் மாட்டும் ஒரு வெளி டிவிடி டிரைவையும் ஒரு வன்தட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அச்சடித்த சினிமாச் சிடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை இன்னும் தாங்கும். எரித்தவற்றை முதலில் எடுங்கள். அதிலும் வேறு எங்கும் பிரதி இல்லாதவற்றை முதலில்.

கோப்பு கோப்பாக இழுத்துப் போடாமல், தட்டை முழுசாக ஒரே பிம்பமாக எடுப்பது நல்லது. கல்யாண விசிடி என்றால் விண்டோஸில் இழுத்துப் போடும்போது பாதியில் பிழை என்று நிற்கும். விசிடியில் படத்துக்கு இடம் கொடுப்பதற்காகப் பிழைதிருத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள், அதனால் சின்னக் கீறலுக்கே கணினி கோபித்துக்கொள்ளும். விசிடியைப் படிக்கத் தெரிந்த மென்பொருளால் எடுத்து, விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள்.

அடம்பிடிக்கும் டிவிடிக்கும் போட்டோ, கோப்பு எரித்த சிடிக்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உண்டு. அது ஒரு பிழை கண்டதும் நின்றுவிடாது. எடுக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்து, எடுக்க முடியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு வேறு டிரைவில் போட்டால் அந்த ஓட்டைகளை மட்டும் மறுபடி முயலும்.

இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. அதே தட்டின் இன்னொரு பிரதி கிடைத்தால், முதல் பிரதியில் விட்டுப்போன இடங்களை இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்பவும் அந்த மென்பொருளுக்குத் தெரியும். இரண்டு தட்டும் வேறு வேறு இடத்தில் கெட்டிருந்தால் முழுப் படமும் கிடைத்துவிடும். நம் ஊர் போட்டோகிராபர்கள் கல்யாணத் தட்டை எப்போதும் இரண்டு செட் எரித்தார்கள், பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. உங்கள் தட்டில் முகூர்த்தம் போயிருந்தால் சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். லண்டனிலிருந்து மைசூர் வந்த தட்டுக்கு இப்படி ஒரு ஜோடி இருந்திருந்தால் அத்தனை பேர் அத்தனை வருஷம் பாடுபட்டிருக்க வேண்டாம்.

எடுத்தபின் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ, இன்னொன்று இணையத்தில். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், ஊர், யார் வீட்டு விசேஷம் என்று தமிழிலேயே எழுதுங்கள், இப்போது இடம் இருக்கிறது. படத்தில் இருக்கும் பெரியவர்கள் பெயரையும் கூடவே ஒரு சின்னக் கோப்பில் எழுதி வையுங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து, அன்றைக்கு எது நடப்போ அதற்கு மாற்றுங்கள். வன்தட்டும் சிரஞ்சீவி இல்லை.

சாயம் வெளுத்துவிட்டால் எந்த மென்பொருளும் அதைத் திருப்பிக் கொடுக்காது. தாத்தாவின் குரல் அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால், இந்த லீவிலேயே எடுத்துவிடுங்கள்.